எரிந்த வெட்டையில் பறவை கூடியதா, கண்ணுக்குத் தெரிந்ததா?

உன்னிச்சை வாசி – கேள்வி

எல்லோருக்கும் வணக்கம். கச்சான் என்ற வறண்ட தென்மேல் காற்று தொடங்கினால் மட்டக்களப்பின் படுவான்கரையில் உன்னிச்சை, ரூகம், தொப்பிகலைப் பக்கமெல்லாம் இலுக்குப் புல் வெட்டையும் பற்றைக்காடும் எரிகிறது. எரிந்த மறுநாளே கரிக்குருவி, பஞ்சுருட்டான், மைனா, உண்ணிக்கொக்கு என்று கூட்டமாக இறங்குகின்றன. ஒரு கிழமை போனால் ஆட்காட்டியும் வானம்பாடியும் நடமாடுகின்றன. பக்கத்தில் எரியாத காட்டுக்குள் போனால் நாலு பறவையைக் காண்பதே பாடு.

இதைக் காட்டி, "அளவாக, திட்டமிட்டு எரித்தால் பறவைகளுக்கு நல்லது, அமெரிக்காவில் வனத்துறையே அப்படித்தான் செய்கிறது" என்று ஒரு வாதம் இங்கே சுற்றுகிறது. பிரதேச சுற்றாடல் கூட்டமொன்றில் இது யோசனையாக முன்வைக்கப்படும் போலிருக்கிறது. அதற்கு முன் மூன்று விடயம் தெளிவாக வேண்டும்.

திட்டமிட்ட எரிப்பு உலர்வலயக் காட்டுப் பறவைகளுக்கு உண்மையில் என்ன செய்யும்? எரிப்பதானால் எந்த மாதம்? நன்மையா தீமையா என்று நாங்களே கணக்கெடுத்துப் பார்க்க ஏலுமா?

---

சருகுக்குள்

நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள், தம்பி. முதலில் நீங்கள் கண்ட அந்தக் கூட்டத்தைப் பிரித்துப் பார்ப்போம்.

தீ நகரும்போது வெட்டுக்கிளி, தத்துவெட்டி, ஓணான், வண்டு எல்லாம் அதற்கு முன்னால் ஓடும். கரிக்குருவியும் பஞ்சுருட்டானும் வருவது அதற்கு. தீ அணைந்ததும் சாம்பலில் வெந்து கிடக்கும் பூச்சிக்கு மைனாவும் கொக்கும் வரும். வட அவுஸ்திரேலியாவில் கரும்பருந்து போன்றவை எரியும் குச்சியைத் தூக்கிக்கொண்டு போய் எரியாத புல்லில் போட்டு இரையைக் கிளப்புகின்றன என்று 2017ல் வெளியான ஒரு கட்டுரை சொல்கிறது. தீயும் சாப்பாடும் ஒன்று என்பது பறவைக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும். ஆனால் இவை நாலைந்து கிலோமீற்றர் சுற்றளவிலிருந்து பந்திக்கு வந்தவை. அந்த இடத்தில் வாழ்கிறவை அல்ல, அங்கே குஞ்சு பொரிக்கப் போகிறவையும் அல்ல. பத்து நாளில் சாப்பாடு முடிந்ததும் கலைந்துவிடும்.

இரண்டாவது, பார்வை. இதைத்தான் முக்கால்வாசிப் பேர் தவறவிடுகிறார்கள். ஒரு பற்றைக்காட்டில் உண்மையாகவே 10 பறவை இருக்கிறது என்று வையுங்கள். அடர்ந்த பற்றையில் நின்று எண்ணினால் 4 அகப்படும். எரிந்து வெளித்த பிறகு அதே 10ல் 8 கண்ணில் படும். கொப்பியில் 4 என்பது 8 ஆகிவிட்டது, காட்டில் ஒன்றும் கூடவில்லை. இன்னும் மோசம்: பத்தில் இரண்டு செத்து எட்டாகி, அந்த எட்டில் ஆறு தெரிந்தாலும் கொப்பியில் 4 என்பது 6 ஆகிவிடும். குறைந்ததைக் கூடியது என்று எழுதிவிடுவோம்.

ஆகவே "எத்தனை பறவை" என்ற கேள்வியை விட்டுவிட்டு, "எது எங்கே சாப்பிடுகிறது, எது எங்கே கூடு வைக்கிறது" என்று பாருங்கள். எங்கள் பக்கத்துப் பறவைகளைத் தீயோடு வைத்துப் பார்த்தால் இப்படித்தான் பிரியும்:

வெட்டையில் நடந்து மேய்பவை: ஆட்காட்டி, வானம்பாடி, நெட்டைக்காலி. இவற்றுக்குக் குட்டைப் புல்லும் வெறும் நிலமும் வேண்டும். எரிந்த இடம் சில மாதம் உதவும், புல் முழங்காலுக்கு மேல் வந்ததும் போய்விடும்.

உயர்ந்த புல்லில் வாழ்பவை: கதிர்க்குருவி, சில்லை, காடை. எரிந்த வருடம் இவை இல்லை. புல் முளைத்துக் கதிர் விட்டதும் பக்கத்திலிருந்து திரும்பி வரும், பக்கத்தில் எரியாத புல் மிச்சம் இருந்தால் மட்டும்.

சருகைக் கிளறுபவை: காட்டுக்கோழி, மரகதப்புறா, பழுப்புத்தலைச் சிலம்பன், மாரியில் வரும் ஆறுமணிக்குருவி. பெரிய நட்டம் இவற்றுக்குத்தான், ஆனால் யாரும் எண்ணாததும் இவற்றைத்தான், ஏனென்றால் கண்ணில் படாது. உலர்வலயக் காட்டில் இலை கொட்டுவது பெரும்பாலும் வெயில் மாதங்களில். ஓகஸ்டில் எரிந்தால் அந்த வருடத்துச் சருகு முழுவதும் போயிற்று. ஒக்டோபரில் ஆறுமணிக்குருவி இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்து இறங்கும்போது கிளறுவதற்குச் சருகும் இல்லை, சருகுக்கு அடியில் புழுவும் இல்லை. அடுத்த கோடைக்கு இலை கொட்டும்வரை அந்தத் துண்டு அதற்குப் பட்டினி நிலம்.

பொந்தில் வாழ்பவை: மரங்கொத்தி, கிளி, குக்குறுவான், இருவாய்ச்சி, சின்ன ஆந்தைகள். தீயால் சில மரங்கள் புதிதாகப் பட்டுப்போகும், அவற்றில் வண்டுப்புழு வரும், மரங்கொத்தி மகிழும். அதே தீ ஏற்கனவே பொந்து விழுந்த பழைய மரத்தை அடியில் பிடித்து, இரண்டு மூன்று நாள் உள்ளுக்குள் கனன்று சரித்துவிடும். மரங்கொத்தி புதுப்பொந்து குடைந்துகொள்ளும். இருவாய்ச்சியால் குடைய ஏலாது. அதற்கு வேண்டிய அகலப் பொந்து ஒரு பாலையிலோ மருதிலோ உண்டாகப் பல பத்து வருடம் எடுக்கும்.

இனி அமெரிக்க உதாரணம். அங்கே மேற்கு மலைப்பகுதியில் பொண்டெரோசா பைன் காடு இருக்கிறது. தடித்த பட்டை, உயரத்தில் கிளை, அடியில் புல்லும் ஊசிச்சருகும். பழைய காலத்தில் சில வருடத்துக்கொரு முறை மெல்லிய தீ தரையோடு ஓடிப்போகும், பெரிய மரம் சாகாது. ஏறத்தாழ நூறு வருடம் தீயை அடக்கியதால் சிறு மரங்கள் நெருங்கி வளர்ந்து, இப்போது பிடித்தால் உச்சிவரை எரிகிறது. அதைத் தடுக்கத்தான் திட்டமிட்ட எரிப்பு. அங்கும்கூட எல்லாப் பறவைக்கும் அது நன்மை இல்லை. பட்டையைக் கொத்தும் பறவைகள் பல கூடும், இலையிலும் கீழ்ப்பற்றையிலும் மேய்பவை சில குறையும். தென்கிழக்கில் நீளிலைப் பைன் காட்டில் செங்கொண்டை மரங்கொத்தி என்ற இனத்துக்காக 2 முதல் 5 வருட இடைவெளியில் எரிக்கிறார்கள். அந்த மரமும் அந்தப் பறவையும் தீயோடு சேர்ந்து வளர்ந்தவை.

எங்கள் பாலை, வீரை, முதிரைக் காடு அப்படி வளர்ந்ததல்ல. இங்கே இடியும் மின்னலும் மழையோடு வரும், காய்ந்த மாதத்தில் காடு தானாகப் பிடிப்பது மிக அரிது, பிடிக்கும் தீ ஏறக்குறைய எல்லாமே மனிதன் வைத்தது. மேல்மரம் ஒரு தீக்குத் தாங்கலாம். பாலைக்கன்றும் வீரைக்கன்றும் தாங்காது. மூன்று நாலு முறை அடுத்தடுத்து எரிந்த இடத்தில் கிழவன் மரங்கள் மட்டும் நிற்கும், கீழே நாயுண்ணிப் பற்றையும் (உண்ணிச்செடி) கினிப்புல்லும். யூன், யூலையில் பாலைப்பழத்தை நம்பி இருக்கும் இருவாய்ச்சிக்கும் குக்குறுவானுக்கும் அந்தக் கிழவன் மரங்கள் விழும் நாள்தான் கடைசி.

அதற்காகத் தீ எங்குமே கூடாது என்று சொல்லவில்லை. அம்பாறைப் பக்கம் கதை வேறு, அதைத் தெரிந்தவர் எழுதட்டும்.

---

கடுக்காய் மரத்தடி

'சருகுக்குள்' சொன்னது படுவான்கரைக் காட்டுக்கு முற்றிலும் சரி. அம்பாறையின் தலாவையை, அதாவது மரங்கள் இடைவிட்டு நிற்கும் புல்வெளியை, நான் எடுத்துக்கொள்கிறேன்.

1954ல் அறிவிக்கப்பட்ட கல்லோயா தேசிய பூங்காவில் சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்தைச் சுற்றி இலுக்கும் மானாப்புல்லும் வளர்ந்த திறந்த வெளி நிறைய உண்டு. இடையிடையே கடுக்காய், தான்றி, நெல்லி, வேங்கை. திரிபலா மூன்றும் ஒரே வெளியில் நிற்கும் இடம். இந்த மரங்களின் பட்டை தடித்தது, எரிந்தாலும் அடியிலிருந்து துளிர்க்கும். வேடரும் வேட்டைக்காரரும் மாடு மேய்ப்பவரும் தலைமுறை தலைமுறையாகத் தீ வைத்ததால் மரம் நெருங்காமல் திறந்து நிற்கும் நிலம் இது. இங்கே தீயை முற்றாக நிறுத்தினால் பற்றை மூடும், வானம்பாடியும் காடையும் இடமிழக்கும். ஆகவே "உலர்வலயத்தில் எரிக்கலாமா" என்று பொதுவாகக் கேட்டால் பதில் இல்லை. காலுக்குக் கீழே இருப்பது தலாவையா காடா என்று முதலில் பார்க்க வேண்டும்.

பார்ப்பது எப்படி? இரண்டு அடையாளம் போதும். சருகை விலக்கிப் பார்த்தால் இலுக்கின் வெள்ளை வேர்த்தண்டு பின்னிக் கிடக்கிறதா? நிற்கும் மரங்களில் கடுக்காய், தான்றி, நெல்லி வகை அதிகமா? இரண்டும் ஆம் என்றால் தலாவை. வேர்த்தண்டு இருக்கிறது, ஆனால் மேலே நிற்பது தனிப் பாலையும் வீரையும் என்றால் அது தீயால் கெட்ட காடு. அதை மீண்டும் எரிப்பது காயத்தில் மீண்டும் வெட்டுவது போல.

சட்டத்தையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் பூங்காவிலும், 1907ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் ஒதுக்குக் காட்டிலும் தீ வைப்பது குற்றம். நல்ல நோக்கம், சங்கத் தீர்மானம், கூட்டக் குறிப்பு எதுவும் அனுமதி ஆகாது. எரிப்பதென்றால் திணைக்களம்தான் எரிக்க வேண்டும். கீழே எழுதுவது உங்கள் கூட்டத்தில் யோசனை வந்தால் என்ன கேள்வி கேட்பது என்பதற்காக. யாரும் தீப்பெட்டி எடுப்பதற்காக அல்ல.

முதல் கேள்வி மாதம். இங்கேதான் எங்கள் நிலம் புத்தகத்தோடு முரண்படுகிறது. வெளிநாட்டு விதி "கோடை தொடங்கும்போது எரி, முடியும்போது எரிக்காதே" என்கிறது. தொடக்கத்தில் புல் பாதி பச்சை, தீ தணிந்து, திட்டுத் திட்டாக எரியும். முடிவில் எல்லாம் உமி. எங்களுக்கும் தை கடைசி, மாசி தொடக்கம்தான் தணிந்த தீக்கு ஏற்றது. ஆனால் மாசி முதல் வைகாசி வரை உலர்வலயப் பறவைகளில் பெரும்பாலானவை கூடு வைக்கும் காலம். காட்டுக்கோழி தரையில் முட்டை இடும், அடைகாக்க மூன்று கிழமை. பக்கி என்ற இராப்பறவை கூடே கட்டாது, வெறும் சருகில் இரண்டு முட்டை. கூடு காலம் முடியட்டும் என்று காத்தால் கச்சான் வந்துவிடும். யூலையில் பின்நேரம் கச்சானில் பிடித்த கினிப்புல்லை ஒருவராலும் நிறுத்த ஏலாது.

எனவே இடுக்கு வழி ஒன்றுதான்: வாடைமழை ஓய்ந்து புல்லின் நுனி மஞ்சளாகி அடி பச்சையாக நிற்கும் அந்த இரண்டு மூன்று கிழமை. அதுவும் முழு வெளியை அல்ல, மூன்றில் ஒரு பங்கை. துண்டு ஒவ்வொன்றும் 2 முதல் 5 ஹெக்டேயர். அடுத்த வருடம் அடுத்த பங்கு. இப்படிச் சுற்றினால் எந்த நேரமும் ஒரு பங்கு புதுத்தளிர், ஒரு பங்கு இடுப்பளவு, ஒரு பங்கு ஆளுயரம். ஆட்காட்டிக்கும் கதிர்க்குருவிக்கும் ஒரே வெளியில் இடம் கிடைக்கும்.

எரிக்க முன் கயிறு இழுக்க வேண்டும். 25 மீற்றர் கயிறு, இரண்டு முனையில் இருவர், நடுவில் பின்னால் ஒருவர். புல்லின் மேல் உரசும்படி மெல்ல இழுத்துக்கொண்டு நடந்தால் அடைகாக்கும் பறவை எழும்பும். நடுவில் வருபவர் அது எழும்பிய இடத்தை உடனே பார்த்துக் குச்சி நட வேண்டும். முட்டையைத் தொடக்கூடாது. அந்தக் குச்சியைச் சுற்றி 10 மீற்றர் புல்லை நனைத்து விட்டுவிடுவது. ஒரு துண்டில் கூடு நிறைய அகப்பட்டால் அந்த வருடம் அந்தத் துண்டு எரியாது, வேறு பேச்சில்லை.

அடுத்தது தீயின் போக்கு. காற்றோடு ஓடும் தீ ஒன்று, காற்றை எதிர்த்து ஊரும் தீ ஒன்று. ஊரும் தீயின் வேகம் மணிக்கு 20 முதல் 60 மீற்றர். 100 மீற்றர் அகலத் துண்டைக் கடக்க 2 முதல் 5 மணித்தியாலம். ஆட்களுக்குப் பொறுமை போய், மறுபக்கத்திலும் கொளுத்திவிடுவார்கள். கெடுவது அங்கேதான். இரண்டு தீயும் நடுவில் சந்திக்கும்போது சுவாலை இரண்டு மூன்று மடங்காக எழும்பும், நடுவில் அகப்பட்ட ஆமைக்கும் முயலுக்கும் குஞ்சுக்கும் தப்ப வழியில்லை. ஊரும் தீ என்றால் பெரும்பாலானவை நடந்தே விலகிவிடும்.

சுவாலை உயரத்தையும் கேளுங்கள். பொதுக்கணக்கு: சுவாலையின் உயரத்தைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு உயரத்துக்கு இலை வெந்து கருகும். 1 மீற்றர் சுவாலை என்றால் 6 மீற்றர் வரை. கொண்டைக்குருவி, மாம்பழச்சிட்டு, ஈப்பிடிப்பான் கூடுகள் எல்லாம் அந்த உயரத்துக்குள்தான். தீ தொடாத கூட்டிலும் சூட்டில் குஞ்சு சாகும். சுவாலை முழங்காலுக்கு மேல் வராத எரிப்புத்தான் மரம் நிற்கும் இடத்துக்கு ஏற்றது.

சாரீரப்பதன், அதாவது காற்றின் ஈரப்பதம், 30 வீதத்துக்குக் கீழே இறங்கினால் நிறுத்த வேண்டும், பொறி பறந்து கோட்டைத் தாண்டிப் பிடிக்கும். தீ தாண்டாமல் துண்டைச் சுற்றிச் செருக்கும் தீவெட்டின் அகலம் புல்லின் உயரத்தைப் போல மூன்று மடங்குக்குக் குறையக்கூடாது, மண் தெரியச் செருக்கியிருக்க வேண்டும். பொந்து உள்ள ஒவ்வொரு மரத்தையும் முதல்நாளே அடையாளமிட்டு, அடியைச் சுற்றி ஒன்றரை மீற்றருக்குச் சருகு, கொப்பு, காய்ந்த பட்டை எல்லாவற்றையும் மண்வரை வாரி எடுக்க வேண்டும். தீ முடிந்தபின் மூன்று நாள், பகலிலும் இருட்டிலும், விளிம்பிலிருந்து 30 மீற்றர் உள்வரை நடந்து பார்க்க வேண்டும். இருட்டில்தான் மரப்பொந்துக் கனல் சிவப்பாகத் தெரியும். கையின் புறத்தை மரத்தடிக்குக் கிட்டப் பிடித்தால் சூடு தெரியும், அங்கே தண்ணீரும் மண்ணும்.

இத்தனைக்கும் ஆளும் தண்ணீர் பவுசரும் பணமும் இருக்கிறதா என்று கூட்டத்தில் கேளுங்கள். இல்லையென்றால் அந்த யோசனைக்குத் திட்டமிட்ட எரிப்பு என்று பெயர் வைக்கக் கூடாது.

---

பட்டிக்காரன் மகன்

அண்ணன்மாரே, எல்லாம் சரி. ஆனால் மாட்டுக்காரர் சும்மா எரிப்பதில்லை. முற்றிய இலுக்கை மாடு தின்னாது, வாயை அறுக்கும். முந்நூறு ஏக்கரை வெட்ட ஏலுமா? எரித்தால்தான் தளிர். இன்னொன்று, நாயுண்ணி மூடிய இடத்தையும் எரித்துத்தான் துப்புரவாக்குகிறார்கள். இதுக்கு வழி சொல்லாமல் எரிக்காதே என்றால் யார் கேட்பார்?

---

கடுக்காய் மரத்தடி

நியாயமான கேள்வி, தம்பி. மாடு இல்லாமல் இந்தப் பேச்சே இல்லை.

தளிர் வேண்டும் என்றால் மண்ணில் ஈரம் வேண்டும். ஓகஸ்டில் எரித்தால் வேரில் இருக்கும் கொஞ்சச் சத்தில் மெல்லிய தளிர் வரும், மாடு அதைக் கரம்பிவிடும், மேலே வர ஈரம் இல்லை. ஒக்டோபர் முதல் மழை வெறும் மண்ணில் விழுந்து மேல்மண்ணைக் குளத்துக்குக் கொண்டுபோகும். மாட்டுக்கும் நட்டம், குளத்துக்கும் நட்டம். ஈரம் இருக்கும் மாசியில் சிறு துண்டு எரிந்தால் தளிர் தொடர்ந்து வரும். மாடு அந்தத் துண்டையே சுற்றும், மற்ற இரண்டு பங்கும் தானாக ஓய்வெடுத்து உயரும். அமெரிக்காவின் புல்வெளி மாநிலங்களில் மேய்ச்சலையும் எரிப்பையும் இப்படித்தான் சேர்த்து நடத்துகிறார்கள், உயர்புல் பறவைக்கும் குட்டைப்புல் பறவைக்கும் ஒரே பண்ணையில் இடம் கிடைக்கிறது. துண்டு மிகச் சிறிதாக இருந்தால் மட்டும் பிழைக்கும்: ஐம்பது மாடு ஒரு ஹெக்டேயரில் நின்றால் புல் வேரோடு போகும்.

இலுக்கு எரிந்தால் ஒழியும் என்று நினைப்பது பிழை. தண்டு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது, எரிந்த சூட்டுக்குப் பூத்துத் தள்ளும், பஞ்சு போன்ற விதை கச்சானில் எங்கும் பறக்கும். நாயுண்ணியும் அப்படியே, அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும். பழத்தைக் கொண்டைக்குருவி தின்று எரிந்த வெளி முழுக்க விதைக்கும். நாயுண்ணியை ஒழிக்கப் பற்றையின் நடுவேரை மண்ணுக்குக் கீழ் 3 முதல் 5 சென்ரிமீற்றரில் வெட்டி, பற்றையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிட வேண்டும். துளிர்க்கும் பகுதி அந்தக் கழுத்தில்தான். மண்ணுக்கு மேல் வெட்டினால் இரண்டு மாதத்தில் ஒன்றுக்குப் பத்துக் கிளை. மழைக்கு முன் வெட்டி, அடுத்த மாரியில் முளைக்கும் நாற்றைக் கையால் பிடுங்க வேண்டும்.

கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் சோலிகர் மக்கள் கோடையின் தொடக்கத்தில் சருகை மெல்ல எரித்து வந்தார்கள். 1974ல் அது சரணாலயமான பிறகு எரிப்பு நின்றது, நாயுண்ணி மூடியது அதனால்தான் என்று அவர்கள் சொல்கிறார்கள். அதை மதிக்க வேண்டும். ஆனால் அது பெரும்பாலும் இலையுதிர் காடு, நாயுண்ணி நாற்றாக இருக்கும்போதே பட்ட மெல்லிய தீ. ஆளுயரம் மூடிய பிறகு வைக்கும் தீ வேறு.

---

உன்னிச்சை வாசி

மிக்க நன்றி. இப்போது மூன்றாவது கேள்வி மிச்சம். நாங்கள் ஐந்தாறு பேர், இரண்டு தொலைநோக்கி, பறவை அடையாளம் ஓரளவு தெரியும். எரிக்காமல் எண்ணிப் பார்க்க வழி உண்டா?

---

சருகுக்குள்

உண்டு. ஏற்கனவே எரிந்த நிலம் தாராளமாக இருக்கிறது, நீங்கள் புதிதாக ஒன்றும் செய்யத் தேவையில்லை.

மூன்று வகை இடம் தெரிவு செய்யுங்கள்: இந்த வருடம் எரிந்தது, மூன்று வருடத்துக்கு முன் எரிந்து பிறகு எரியாதது, ஊர்ப் பெரியவருக்கு நினைவு தெரிந்த காலத்தில் எரியாதது. மூன்றும் ஒரே வகைக் காடாக, ஒரே மாதிரி மண்ணில், குளத்திலிருந்து ஒரே அளவு தூரத்தில் இருக்க வேண்டும். எரிந்த மேட்டையும் எரியாத ஆற்றங்கரையையும் ஒப்பிட்டால் நீங்கள் அளப்பது தண்ணீரின் வேலையை, தீயின் வேலையை அல்ல. பெரும்பாலான அளவீடுகள் கெடுவது இதில்தான்.

ஒவ்வொரு வகையிலும் குறைந்தது 8 புள்ளி. புள்ளிக்குப் புள்ளி 250 மீற்றர், விளிம்பிலிருந்து 100 மீற்றர் உள்ளே. காலை 6 மணியிலிருந்து 8.30 வரை மட்டும். போய் நின்றதும் 2 நிமிடம் பேசாமல் நிற்க வேண்டும், பறவை பழைய நிலைக்கு வரட்டும். பிறகு 10 நிமிடம் எண்ண வேண்டும். 50 மீற்றர் வட்டத்துக்குள் உள்ளதை மட்டும் எழுதுங்கள், அது கிட்டத்தட்ட 2 ஏக்கர். மேலே பறந்து போவது வேறு நிரலில்.

தூரத்தை 0–10, 10–25, 25–50 மீற்றர் என்று பிரித்து எழுதுவது கட்டாயம். பார்வைச் சிக்கலைப் பிடிப்பது இதனால்தான். அடர்ந்த காட்டில் எல்லாப் பறவையும் 25 மீற்றருக்குள்ளேயே விழுந்து, எரிந்த வெளியில் 50 மீற்றர் வரை பரவி விழுந்தால், உங்கள் கண் மாறியிருக்கிறது என்று அர்த்தம். அப்போது முதல் இரண்டு வளையத்தை மட்டும் வைத்து ஒப்பிடுங்கள். கண்டதா, கேட்டதா என்றும் ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள். காதுக்குக் கிடைப்பது புகையாலும் பற்றையாலும் அவ்வளவு மாறாது. ஒரே புள்ளிக்கு வருடத்தில் மூன்று தடவை: பெப்ரவரி, ஏப்ரல், நவம்பர். ஒவ்வொரு தடவையும் எண்ணுபவரை மாற்றுங்கள், நல்ல காது உள்ள ஒருவர் எரியாத காட்டிலேயே நின்றுவிடக் கூடாது.

எரிந்து ஒரு மாதம் ஆகாத இடத்தை எண்ண வேண்டாம், அது பந்திக் கணக்கு.

நிலத்தையும் அளக்க வேண்டும். புள்ளியைச் சுற்றி நாலு திசையிலும் 10 மீற்றரில் அடிமட்டத்தை மண்வரை குத்திச் சருகின் ஆழம் எழுதுங்கள். பொந்துள்ள மரம் எத்தனை, அடியில் கரி ஏறியது எத்தனை, பாலைக்கன்றும் வீரைக்கன்றும் எத்தனை என்றும் எழுதுங்கள். பறவை வராத காரணம் அந்தக் கணக்கில் இருக்கும்.

வட அவுஸ்திரேலியாவில் கப்பால்கா என்ற இடத்தில் 1990 முதல் 1994 வரை பெரிய நீரேந்துப் பகுதிகளை வறட்சிப் பருவத் தொடக்கத்தில் சில, முடிவில் சில என்று எரித்துச் சோதித்தார்கள். அது தீக்குப் பழகிய நிலம், பல உயிரினக் குழுக்கள் தாங்கிக்கொண்டன. அடிபட்டவற்றில் ஆற்றோரத் தாவரங்களும் சிறு பாலூட்டிகளும் முக்கியம். ஆகவே உங்கள் 24 புள்ளிக்கு மேலதிகமாக ஒன்றிரண்டையாவது எரிந்த ஆற்றோரத்திலும் எரியாத ஆற்றோரத்திலும் சோடியாக வையுங்கள், ஆனால் மற்றப் புள்ளிகளோடு கலக்காமல் தனிக் கொப்பியில்.

பூங்காவுக்கும் ஒதுக்குக் காட்டுக்கும் உள்ளே என்றால் முதலில் திணைக்களத்தின் எழுத்து மூல அனுமதி. வெளியே என்றாலும் தனியாகப் போக வேண்டாம். எரிந்த வெளியில் தளிர் வந்தால் யானையும் வரும், விடியப்புறம் அது விலகியிருக்காது.

ஆள் குறைவு என்றால் இந்த வருடம் ஆறுமணிக்குருவி ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒக்டோபர் கடைசியில் தொடங்கி, மாலை 5.45க்குப் புள்ளியில் நின்று 6.15 வரை காது கொடுங்கள். பெயருக்கேற்ப அந்த நேரத்தில்தான் இரண்டு சுரத்தில் விசிலடிக்கும், ஒன்று கூப்பிட்டால் பக்கத்து எல்லைக்காரன் பதில் சொல்லும். எத்தனை திசையிலிருந்து குரல் வந்தது என்று மட்டும் எழுதுங்கள். கைத்தொலைபேசியில் அதன் குரலைப் போட்டுக் கூப்பிடாதீர்கள், தூரத்தில் உள்ளதும் கிட்ட வந்து கணக்கைக் கெடுக்கும். எரிந்த எட்டுப் புள்ளி, எரியாத எட்டுப் புள்ளி, ஒவ்வொன்றுக்கும் மூன்று மாலை. மழை பெய்யும் மாலையை விட்டுவிடுங்கள். டிசம்பருக்குள் முடியும், கொப்பியை இங்கே போடுங்கள், சேர்ந்து கூட்டிப் பார்ப்போம்.